சிலுவையைச் சுரண்டிய கை

போன கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் லூசி என்ற பெண் எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் சந்தித்ததில்லை. மியூசியத்தின் நிலவறையைக் காலிசெய்யச் சொல்லி மேலிடம் நெருக்குகிறதாம். அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் கண்ணாடிக் குழாய்களை எறியலாமா என்று கேட்டிருந்தார். "இத்தனை வருடத்தில் அவற்றில் ஒன்றையாவது யாரேனும் திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா?" என்பது அவருடைய கேள்வி.

ஒரு தடவை நடந்தது. எடுத்துப் பார்த்தவன் நான். அதை நாலு வரியில் சொல்லி முடிக்க என்னால் முடியாது. லூசிக்கு ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். வெட்கக்கேடான விஷயத்தைச் சொந்த மொழியில் எழுதினால்தான் பூசி மெழுக வராது.

குழாய்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பழைய இரும்புப் பொருள்களில் பிடித்திருக்கும் கறளைச் சுரண்டித் துப்புரவாக்குவதுதான் எங்கள் ஆய்வுகூடத்தின் வேலை. சுரண்டிய தூளை நாங்கள் எறிவதில்லை. கீழே விரித்திருக்கும் வெள்ளைத் தாளில் விழுந்ததையெல்லாம் விரலளவு கண்ணாடிக் குழாயில் போட்டு, மூடி, பொருளின் இலக்கத்தை ஒட்டி, நிலவறைக்கு அனுப்புவோம். வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் தெரிந்தது.

நான் ரசாயனம் படிக்க லண்டன் வந்தவன். பெற்றோல் நிலையத்தில் நின்றேன், ஹோட்டலில் கோப்பை கழுவினேன், பிறகு இந்த மியூசியத்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டேன். மாலை வகுப்பில் மூன்று வருடம் படித்துத் தேறியதும் என்னை இரும்புப் பொருள்களுக்குப் போட்டார்கள். அங்கே மேலாளராக இருந்தவர் மிஸிஸ் பார்லோ.

ஒல்லியான, உயரமான பெண். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேசைக்கு வரும்போது மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இலாச்சியில் வைப்பார். எதையும் தூக்குவதற்கு முன்னால் அதை எங்கே வைக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கையை நீட்டினால், "எங்கே, மிஸ்டர் நாதன்?" என்று கேட்பார். ஒரு ஆணியைத் தூக்குவதற்கும் அந்தக் கேள்விதான். பொருளுக்குப் பக்கத்தில் பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். தன்னுடைய சொந்த மேசையில் மட்டும் பச்சை மை நிரப்பிய பேனா ஒன்று வைத்திருந்தார். நாங்கள் பென்சிலால் எழுதிக்கொடுக்கும் அட்டைகளை வாசித்து அந்தப் பச்சை மையால் கையெழுத்துப் போடுவார். எக்ஸ்ரே எடுக்காமல் எந்த இரும்பிலும் கத்தி வைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். எடுத்த தூளை எறியக் கூடாது என்பது கடைசிச் சட்டம். இரண்டையும் நான் ஒரே வெள்ளிக்கிழமையில் மீறினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்போதுதான் அந்த வாள் மேசைக்கு வந்தது. நெடுங்காலத்துக்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த ஐரோப்பிய வாள். சிலுவைப் போர்க் காலத்தது. ஜெருசலேமுக்காக ஐரோப்பாவின் கிறிஸ்தவ அரசர்களும் அந்தப் பக்கத்து முஸ்லிம் அரசர்களும் ஏறக்குறைய இருநூறு வருடம் அடிபட்டார்கள் அல்லவா, அந்தப் போர்களில் ஒன்றில் கைமாறிய ஆயுதம். கைப்பற்றியவர்கள் அதைத் தங்கள் ஆயுதசாலைக்குக் கொடுத்து, அலகின் ஒரு பக்கத்தில் பிடிக்குக் கிட்டவாக அரபியில் ஒரு வரி வெட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை மிஸிஸ் பார்லோவே துப்புரவாக்கியிருந்தார். மறுபக்கம் முழுக்கக் கறள். அதில் ஒன்றும் இராது என்று எல்லோரும் நம்பினோம். அதை எனக்குத் தந்தார்.

"எக்ஸ்ரே வரும்வரை கத்தியை எடுக்காதீர்கள்" என்று சொல்லித்தான் தந்தார். எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. திருத்த இரண்டு கிழமை என்றார்கள். வெள்ளிக்கிழமை அவர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் மேசையில் சும்மா இருந்தேன். ஒன்றுமில்லாத பக்கத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கத்தியை எடுத்தேன். திங்கள் காலை அவர் வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும், பார்த்து மெச்ச வேண்டும் என்பதுதான் ஆசை.

கறளுக்குள்ளிருந்து மங்கலான மஞ்சள் கோடொன்று தெரிந்தது. அதற்கு முந்தைய மாதம் ஒரு இரும்புத் தொப்பியில் அப்படியே மஞ்சள் கண்டு, அது விலை கூட்டுவதற்காக வியாபாரி பூசிய மலிவுப் பூச்சு என்று கண்டுபிடித்துப் பாராட்டு வாங்கியிருந்தேன். பாராட்டு வாங்கியவனுக்குக் கண் தெரியாது. இதுவும் அதே பூச்சுத்தான் என்று முடிவுகட்டிச் சுரண்டினேன். மெதுவாக, சுகமாக வந்தது. சுருள் சுருளாகத் தாளில் விழுந்தது. ஒரு கோடு போயிற்று, அடுத்ததும் போயிற்று. அதற்குப் பிறகுதான் நுணுக்குக்காட்டியைக் கீழே இறக்கிப் பார்த்தேன். கோடு போன இடத்தில் வெட்டிய பள்ளம் இருந்தது. பூச்சுக்குப் பள்ளம் வெட்டமாட்டார்கள். வாளைச் செய்தவன் பள்ளம் வெட்டிப் பித்தளைக் கம்பி பதித்து ஒரு சிலுவை போட்டிருந்தான். நான் அதன் இரண்டு கைகளைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மற்ற இரண்டு கைகளையும் தொடவில்லை. தாளை அப்படியே மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அட்டையில், "மறுபக்கம்: பித்தளைக் கம்பியாலான சிலுவைக் குறி, பகுதி மட்டும்" என்று எழுதினேன். முந்தி எடுத்த படத்தில் கறள் மட்டும்தான் தெரியும். எக்ஸ்ரே இல்லை. ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

திங்கட்கிழமை மிஸிஸ் பார்லோ வாளைக் கனநேரம் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"பகுதி மட்டும் என்றால்?"

"அவ்வளவுதான் இருக்கிறது."

பொய் என்று சொல்ல முடியாத பதில். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்திகளை அடுக்கினேன். பிறகு தன் மேசைக்குப் போய்ப் பச்சை மையால் கையெழுத்துப் போட்டார். எக்ஸ்ரே இல்லாமல் ஏன் தொட்டாய் என்று ஒரு வார்த்தை ஏசவில்லை. அதைவிட ஏசியிருக்கலாம். வாளை அரபி எழுத்து மேலே தெரிய, சிலுவை கீழே இருக்க, பெட்டியில் வைத்து உள்ளே அனுப்பினோம். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார், பிறகு இறந்தும்போனார். நான் அவருடைய கதிரைக்கு வந்தேன். தூளைக் குழாயில் போடாத இளையவர்களைப் போட்டு வறுத்தெடுத்தேன். நான் மிஸிஸ் பார்லோவின் விசுவாசி என்று நினைத்தார்கள். குற்றமுள்ளவன்தான் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பான் என்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வசந்தத்தில், நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது, சிலுவைப் போர்களைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைக்க முடிவாயிற்று. பொறுப்பாக இருந்த கியூரேட்டர் டாக்டர் வின்டர், நல்ல படிப்பாளி, நல்ல மனிதர். வாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு ஓடிவந்தார். "இத்தனை நாளாக இதைத் தலைகீழாக வைத்திருந்திருக்கிறோம்!" என்றார். நான் குனிந்து கத்திகளை அடுக்கினேன்.

எங்கள் மியூசியத்தில் லேபிள்களை அச்சுக்கு அனுப்புமுன் உலோகம், மரம் என்ற பெயர்கள் சரிதானா என்று பார்க்க எங்களிடம் அனுப்புவார்கள். ஒரு கிழமையில் வாளின் லேபிள் வந்தது. வாளைக் கைப்பற்றிய முஸ்லிம் வீரர்கள் அதிலிருந்த சிலுவையைச் சுரண்டி அழிக்க முயன்றார்கள், அந்த வெறுப்பின் தடத்தை இன்றும் காணலாம் என்று எழுதியிருந்தது. சுரண்டிய இடத்தைப் பெருப்பித்துச் சுவரொட்டி போடவும் திட்டம். ரயில் நிலையங்களெல்லாம் ஒட்டப்போகிறார்கள். நான் லேபிளில் "பித்தளை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சரி போட்டேன். பென்சில் அதற்குமேல் நகரவில்லை.

அன்று தேநீர் நேரம் ரஃபீக் வந்திருந்தான். கூடங்களில் காவல் நிற்பவன். ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் வங்காளி. பத்து வருடமாக எனக்கும் அவனுக்கும் தேநீர்ச் சிநேகம்.

"நாதன் பாய், புதுக் கண்காட்சியில் எனக்கு வாள் இருக்கிற அறையைத்தான் போட்டிருக்கிறார்கள்" என்றான். லேபிளின் பிரதி காவலர்களுக்கும் போயிருந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வாசிப்பார்கள். வாசித்துவிட்டு நிமிர்ந்து என் தாடியைப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். தாடியை எடுத்துவிடட்டுமா என்று மனைவியைக் கேட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

பின்னேரம் வாளை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கீறல்கள் எல்லாம் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சாய்ந்திருந்தன. வலக்கைக்காரன் சுரண்டினால் எதிர்ப்பக்கம் சாயும். நான் இடக்கைக்காரன். எண்ணூறு வருடத்துக்கு முந்திய வெறுப்பு என்று சொல்லப்போவது என்னுடைய இடக்கையின் அவசரம். அரபியில் எழுதியவர்கள் தங்கள் வரியை ஒரு பக்கத்தில் வெட்டிக்கொண்டு, மறுபக்கத்துச் சிலுவையைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டதை நான் விடவில்லை.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குப் போனபோது என் மனைவி தவமணி அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தா. இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி அந்த நாட்களில் லண்டன் தமிழர்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள்தோறும் கூடி நின்றார்கள். அவவும் முழங்கால் வலியோடு தினம் போய் நின்றா. வன்னியில் இருந்த அவவின் தம்பியிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

நான் வாளின் கதையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

"இஞ்சாருங்கோ, எனக்கு இருக்கிற தலையிடிக்க உங்கட வாளையும் கொண்டு வாறியளோ?" என்றா. "இன்னும் ஏழு மாசம். வாயை மூடிக்கொண்டு இருந்திட்டு வாங்கோ. பேர் கெட்டு வெளிக்கிடப் போறியளே?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அவ எழும்பிக் குசினிக்குள் போனா. கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வாசலில் வந்து நின்றா.

"அந்தச் சனம் செய்யேல்லை எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

"ஓம். நான்தானே செய்தனான்."

"அப்ப என்ன கதை இது? அங்க ஆர் என்ன செய்தது எண்டு கண்டவை சொல்லவேணும் எண்டு நான் காலமை தொடங்கி றோட்டில நிக்கிறன். நீங்கள் செய்தும் சொல்லமாட்டியளோ?"

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த நாள் காலை நான் சொல்லத் தீர்மானித்துத்தான் ரயில் ஏறினேன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் பின்வாங்கவில்லை என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

டாக்டர் வின்டர் முழுவதையும் கேட்டார். முகம் வெளிறியது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நம்பவில்லை.

"நாதன், இருபத்துநாலு வருடம். மனம் எதையும் சோடிக்கும். அட்டையில் 'பகுதி மட்டும்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அட்டை ஆவணம். உங்கள் ஞாபகம் ஆவணம் அல்ல."

பொய்க்கு நான் கட்டிய கோட்டை இப்போது எனக்கே கதவைச் சாத்தியது. நான் விடவில்லை. கறள் பிடித்த இரும்புத் தகடொன்றை எடுத்து அவர் முன்னாலேயே இடக்கையால் சுரண்டிக் காட்டினேன். அதே சாய்வு. பழைய கீறலென்றால் அதற்குள்ளும் கறள் இருக்க வேண்டும், இது கறள் பிடிக்காமலிருக்க நாங்கள் பூசிய மெழுகுக்குக் கீழே பளபளக்கிறது என்று காட்டினேன். "பழைய கீறலுக்குள் இருந்த கறளை நீங்கள் துப்புரவாக்கியிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"தூள் இருக்குமே?" என்றார் பிறகு. "உங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் குழாயில் போட்டு வைப்பீர்களே. பித்தளை அதில் இருந்தால் நான் என் லேபிளைக் கிழிக்கிறேன்."

எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் லேபிளை எடுத்துத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். அந்த நிமிடத்தில் நான் ஒரு கிழட்டுக் குழப்பவாதியாகிப் போனேன்.

ஆனால் எங்கள் முறைப்படி, ஒரு பொருள் இல்லை என்று எழுதுவதற்கும் நேரில் போய்த் தேடிப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். தேடாமல் "இல்லை" என்று எழுதக் கூடாது. மிஸிஸ் பார்லோ போட்ட சட்டம். ஏற்கெனவே இரண்டு சட்டம் மீறியவன் மூன்றாவதையும் மீற வேண்டாம் என்று அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் போனேன்.

அந்த வருடத்துப் பெட்டி மூன்றாவது அடுக்கில் இருந்தது. குழாய்கள் இலக்க ஒழுங்கில் கிடந்தன. விரலால் தட்டித் தட்டிப் போனேன். வாளின் இலக்கத்தில் ஒரு குழாய் இருந்தது.

வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கறள் தூளுக்குள் மஞ்சள் சுருள்கள். நான் சுரண்டிய அதே சுருள்கள். ஒட்டியிருந்த தாளில் பச்சை மை. இலக்கம், அந்த வெள்ளிக்கு அடுத்த நாள் சனிக்கிழமையின் தேதி, அதற்குக் கீழே ஒரு வரி: "கூடையிலிருந்து எடுத்தது. மறுபக்கம், இரண்டு கைகள்." கடைசியில் அவருடைய கையெழுத்து.

அடுக்குக்குக் கீழே சிமெந்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. விடுமுறை நாளில் வந்து, வாளைப் பார்த்துவிட்டு, என் குப்பைக்கூடையைக் கிளறியிருக்கிறார். திங்கட்கிழமை எல்லாம் தெரிந்துகொண்டுதான் "பகுதி மட்டும் என்றால்?" என்று கேட்டிருக்கிறார். நான் சொல்வேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என் வேலையைக் காப்பாற்ற அட்டையில் கையெழுத்துப் போட்டது அவர் விட்ட பிழை. ஆனால் உண்மையை எறிய அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் போனார்.

குழாயிலிருந்த பித்தளையையும் வாளில் மிஞ்சியிருந்த பித்தளையையும் சோதித்தோம். மூன்றாம் நாள் முடிவு வந்தது. இரண்டும் ஒன்றுதான். டாக்டர் வின்டர் என் மேசைக்கு வந்து லேபிளை நாலாகக் கிழித்தார்.

"எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது, நாதன். அதுதான் என் பிழை" என்றார்.

சுவரொட்டி நின்றது. விசாரணை வைத்தார்கள். எழுத்தில் ஒரு கண்டிப்புக் கடிதம் தந்தார்கள், வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பிரியாவிடைக் கூட்டத்தைச் சிறிதாக வைத்தார்கள். புது லேபிளை டாக்டர் வின்டர் எழுதினார். யார் செய்தது என்று போடாமல், "பிற்காலத்தில் சேதமடைந்தது" என்று முதலில் எழுதிக்கொண்டு வந்தார். என்மேல் இரக்கம்தான். "பகுதி மட்டும்" என்று நான் எழுதியதும் இதே மாதிரிச் சொல்தான் என்றேன். திருத்தி எழுதினார். கைப்பற்றியவர்கள் இந்தச் சிலுவையைத் தொடவில்லை, அதன் இரண்டு கைகளை இந்த மியூசியத்தின் ஊழியர் ஒருவர் துப்புரவு செய்யும்போது தவறுதலாக அகற்றினார் என்று வந்தது. பக்கத்தில் அந்தக் கண்ணாடிக் குழாயையும் வைத்தார்கள்.

ஆகவே லூசி, எறிய வேண்டாம். இடமில்லையென்றால் என்னுடைய வீட்டுக் கராஜில் இடமிருக்கிறது.

கண்காட்சி திறந்த முதல் கிழமையில் தவமணியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். தம்பியைப் பற்றி அப்போதும் தகவல் இல்லை. அவ லேபிளை ஒவ்வொரு சொல்லாக வாசித்தா, என் கையைப் பிடித்துக்கொண்டா. ரஃபீக் தாடியோடு தன் இடத்தில் நின்றான். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே வந்தது. ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்து லேபிளை முழுக்க வாசித்துவிட்டு, நிமிர்ந்து ரஃபீக்கைப் பார்த்தாள்.

"இதைச் சுரண்டியது யார், சேர்?"

ரஃபீக் என் பக்கம் திரும்பினான். சொல்லவா என்று கண்ணால் கேட்டான். நான் இடக்கையை உயர்த்தினேன்.